காவிரியை எந்தப் படியால் அளக்கிறார்கள்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பத்திரிகையில் தினமும் ஒரு செய்தி வரும். மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு. முக்கொம்புக்கு இத்தனை ஆயிரம் வந்தது. கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் போயிற்று. திருச்சிக்காரர்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்களும் மற்றச் செய்திகளைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் முழங்கால் அளவுத் தண்ணீராவது இருக்குமா என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பால்காரர் பாலை அளந்து ஊற்றுகிறார், நாம் பார்க்கிறோம். கடைக்காரர் அரிசியை நிறுத்துப் போடுகிறார். தராசு நம் கண் முன்னே இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஆற்றை அளந்தவர் யார்? எந்தப் படியில் பிடித்து அளந்தார்? பிடித்த தண்ணீரை எங்கே கொட்டினார்?

வேடிக்கையான கேள்விதான். ஆனால் இதற்கு விடை தெரிந்துகொண்டால், விஞ்ஞானிகள் செய்கிற பாதி வேலை நமக்குப் புரிந்துவிடும்.

இரண்டு குடம்

முதலில் கன அடி என்றால் என்ன? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது கொள்ளும் தண்ணீர் ஒரு கன அடி. ஏறத்தாழ 28 லிட்டர். நம் வீட்டுக் குடத்தில் சுமாராக இரண்டு குடம். வினாடிக்கு 12,000 கன அடி என்றால், கண் இமைக்கும் நேரத்தில் 24,000 குடம் தண்ணீர் நம்மைக் கடந்து போகிறது என்று பொருள்.

டி.எம்.சி. என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் இரவும் பகலும் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். மேட்டூர் அணை நிரம்பி வழியும்போது அதில் இருப்பது 93.47 டி.எம்.சி.

எலுமிச்சம்பழ வித்தை

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தண்ணீரை யாரும் பிடித்து அளப்பதில்லை. மூன்று விஷயங்களை அளக்கிறார்கள்: ஆற்றின் அகலம், அதன் ஆழம், தண்ணீர் ஓடும் வேகம். மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கன அடி என்று விடை வந்துவிடும்.

பிள்ளைகள் பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சிறு வாய்க்காலில் இதைச் செய்து பார்க்கலாம். கரையோரமாக 30 அடி அளந்து இரண்டு குச்சிகளை நடுங்கள். மேல் குச்சிக்கு நேராக ஓர் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் போடுங்கள். கீழ்க் குச்சியை அது எத்தனை வினாடியில் கடக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 20 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு ஒன்றரை அடி. வாய்க்கால் 10 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால், பத்தை இரண்டால் பெருக்கி, அதை ஒன்றரையால் பெருக்க 30 கன அடி.

ஆனால் இந்த 30 சரியான கணக்கு அல்ல. பழம் மிதப்பது தண்ணீரின் மேல்பரப்பில். அடியில் ஓடும் தண்ணீரை மண்ணும் கல்லும் பிடித்து நிறுத்துகின்றன; ஓரத்தில் கரை பிடித்து நிறுத்துகிறது. ஆகவே மேலே ஓடும் வேகம் எல்லாத் தண்ணீருக்கும் உரிய வேகம் ஆகாது. அனுபவத்தில் கண்டறிந்தபடி, நூற்றுக்கு 85 பங்கு என்று குறைத்துக்கொள்கிறார்கள். அப்போது 30 என்பது இருபத்தைந்தரை ஆகிவிடும்.

காவிரி போன்ற பெரிய ஆற்றில் எலுமிச்சம்பழம் போதாது. ஆற்றைக் குறுக்கே இருபது, இருபத்தைந்து துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பாலத்தின் மேலிருந்தோ படகிலிருந்தோ ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்க்கிறார்கள். பிறகு ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களைச் சக்கரத்தில் கோத்தது போல் இருக்கும் அது. நீரோட்டம் கிண்ணங்களைத் தள்ளச் சக்கரம் சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஓர் ஒலி. நிமிடத்துக்கு எத்தனை ஒலி என்று எண்ணினால் வேகம் தெரியும். மேலேயிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் அந்தக் கருவியை நிறுத்தினால் அங்கே உள்ள வேகம் அந்தத் துண்டின் சராசரி வேகத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது இத்துறையில் பல காலமாகக் கையாளப்படும் விதி. இப்போது ஒலி அலைகளைத் தண்ணீருக்குள் அனுப்பி, ஆழத்தையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

இவ்வளவையும் தினமும் பல முறை செய்துகொண்டிருக்க முடியுமா? முடியாது. ஆகவே ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். கரையில் அடிக் கணக்குக் குறித்த ஒரு கம்பம் நிற்கும். தண்ணீர் 5 அடியில் இருந்தபோது ஒரு முறை, 8 அடியில் இருந்தபோது ஒரு முறை, வெள்ளத்தில் 12 அடியில் இருந்தபோது ஒரு முறை என்று சிரமப்பட்டு அளந்து, ஓர் அட்டவணை போட்டு வைக்கிறார்கள். பிறகு கம்பத்தைப் பார்த்தாலே போதும். அட்டவணையில் எண் இருக்கிறது. நாம் பத்திரிகையில் படிக்கும் கன அடி பெரும்பாலும் இப்படி ஒரு கம்பத்தையோ, அணையின் மதகு எத்தனை அடி திறந்திருக்கிறது என்பதையோ பார்த்துக் கணக்கிட்டுச் சொன்னதுதான்.

ஆறு ஏமாற்றும்

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கம்பம் கல்லில் நிற்கிறது, அசையாது. ஆனால் ஆற்றின் படுகை மணல். வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு போகும். மனிதனும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போகிறான். படுகை 2 அடி தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் தண்ணீர் அதே 10 அடியில்தான் நிற்கும். பழைய அட்டவணை அதே பழைய எண்ணைத்தான் சொல்லும். உண்மையில் கீழே 2 அடித் தண்ணீர் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்! வெள்ளத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவோம். மணல் மேடிட்டால் இதற்கு நேர் மாறு. இல்லாத தண்ணீரை இருப்பதாகச் சொல்லிவிடுவோம்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் தாழ்வானது, சரிவும் அதிகம். ஆகவே தண்ணீர் எப்போதும் அந்தப் பக்கமே ஓடப் பார்க்கும். காவிரியோ மணல் மேடிட்டு வறண்டுகொண்டு வந்தது. தஞ்சை வயல்களுக்கு வர வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போயிற்று. ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயர் 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியது இதற்காகத்தான். எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்பது அன்றிலிருந்து இன்று வரை அங்கே தினசரிக் கவலை. காவிரியில் அதிகம் விட்டால் திருச்சியின் கரைகளும் கீழே உள்ள ஊர்களும் தாங்க வேண்டும். குறைத்து விட்டால் கடைமடை காயும். அளவு தெரியாமல் மதகைத் தூக்கவோ இறக்கவோ முடியாது.

1924 ஜூலையில் மேட்டூர் அணை கிடையாது. அந்த வெள்ளம் திருச்சியையும் தஞ்சையையும் புரட்டிப் போட்டது. ஊர்ப் பெரியவர்கள் எந்த வெள்ளத்தையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் ஆறு அடங்கிவிடவில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது, 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களில், 22-ந் தேதி, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அணையின் வயதே காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. மணல் அள்ளிப் படுகையைத் தோண்டியதே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். வழக்கை நாம் தீர்க்க வேண்டாம். தாழ்ந்துபோன படுகை பாலத்தின் காலை மட்டுமல்ல, நம் அட்டவணையின் காலையும் வாரிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அதனால்தான் வெள்ளம் வடிந்த பிறகு படுகையை மறுபடியும் ஆழம் பார்த்து, அட்டவணையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கை தவறுவதும் படி தவறுவதும்

அளவில் வரும் பிழை இரண்டு வகை. வீட்டில் அரிசி அளக்கும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படி தலை தட்டி இருக்கும். அடுத்த படி கொஞ்சம் கூம்பியிருக்கும். இது கைப் பிழை. நூறு படி அளந்தால் கூடினதும் குறைந்ததும் சரிக்குச் சரியாகப் போய்விடும். ஆனால் படியின் அடிப்பாகமே உள்ளே நசுங்கியிருந்தால்? நூறு படி அளந்தாலும் நூறும் குறைவுதான். அதிகமாக அளக்க அளக்க நஷ்டமும் அதிகமாகுமே ஒழிய நேராகாது. இது படிப் பிழை.

விஞ்ஞானிகள் கைப் பிழைக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை; பல முறை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது படிப் பிழைதான். ஏனென்றால் அது வெளியே தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரும். பார்க்கிறவனுக்கு 'ஆகா, எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!' என்றுகூடத் தோன்றும்.

ஆற்றுக் கணக்கில் இது எவ்வளவு பெரிய விவகாரம் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து நமக்கு வரும் தண்ணீரை எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் அங்கே வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி. ஆற்றை அளப்பதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மேலே கீழே போவது சகஜம். அது கைப் பிழையாக இருந்தால் வருஷக் கணக்கில் பெரும்பாலும் ஈடாகிவிடும். படிப் பிழையாக இருந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தால், ஏறக்குறைய 9 டி.எம்.சி. கணக்கில் மாறிவிடும். மேட்டூர் அணையில் பத்தில் ஒரு பங்கு! இரண்டு மாநிலங்களும் அளவு நிலையத்தின் மேல் ஏன் கண்ணாக இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

சோழர் காலத்தார் இந்தப் பயத்தை நன்றாக அறிந்தவர்கள். நிலம் அளக்கும் கோலை மரத்தில் செய்தால் தேயும்; யாராவது நுனியைச் சீவிவிடவும் கூடும். ஆகவே கோலின் நீளத்தைக் கோயில் கல்லிலேயே குறி வெட்டி வைத்தார்கள். இன்றும் பல கோயில் சுவர்களில் அந்தக் குறிகளைப் பார்க்கலாம். வழக்கு என்று வந்தால் கோலைக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

சங்கிலிக்கு வெயில்

கோபுரத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயரம், 13 நிலைகள். 1987-ல் கட்டி முடிந்தது. ஏறாமலே அதன் உயரத்தை அளக்க முடியுமா? ஒரு கம்பை நட்டு, அதன் நிழல் கம்பின் உயரத்துக்குச் சமமாகும் வேளையைப் பாருங்கள். அந்த நேரத்தில் கோபுரத்தின் நிழலும் கோபுரத்தின் உயரமே இருக்கும். ஒரு சூட்சுமம் உண்டு. நிழலைச் சுவர் ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது. கோபுரத்தின் நடுவிலிருந்து, அதாவது கலசத்துக்கு நேர் கீழேயிருந்து அளக்க வேண்டும். ஓரத்திலிருந்து அளந்தால் படிப் பிழை வந்துவிடும்.

தூரத்தையும் இப்படித்தான். அம்மா மண்டபப் பக்கத்துக் காவிரிக் கரையில் ஒரு நேர்கோட்டை நன்றாக அளந்துகொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டாமலே மலைக்கோட்டை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றவை தாமே வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான்.

இந்த ஒரே தந்திரத்தை வைத்துக்கொண்டு வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் இந்தியாவையே அளக்கப் புறப்பட்டார். சென்னையில் பரங்கிமலைப் பக்கம் 1802 ஏப்ரலில் வேலை தொடங்கியது. முதல் கோடு ஏழரை மைல். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியால் அதை அளந்தார். சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? 10 டிகிரி சூடு ஏறினால் நூறு அடிச் சங்கிலி நீளுவது ஒரு நெல்மணியின் நீளம்கூட இராது. ஆனால் ஏழரை மைலுக்கும் அதையே கூட்டினால் நாலரை அடி வித்தியாசம் வந்துவிடும். அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே அளந்தார். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்திருந்து, வேலை செய்த சங்கிலியை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கோயில் சுவரில் குறி வெட்டியவர்களின் அதே யோசனை!

காவிரிச் சமவெளிக்கு வந்தபோது அவருக்கு ஒரு கஷ்டம். ஏறி நின்று பார்க்க அங்கே மலைகள் இல்லை. கோயில்களின் உயரம்தான் கை கொடுத்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே, அரை டன் கனமுள்ள கோணம் அளக்கும் கருவியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு விலகி, கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். லாம்ப்டன் கூடாரத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை வட்டமாக்கினார்.

நெளிந்து நேரான கருவியை எப்படி நம்புவது? அதற்கும் வழி இருந்தது. முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே நூற்றுக்கணக்கான மைல் போன பிறகு, ஒரு கோட்டின் நீளம் கணக்கில் வரும். அதே கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு மறுபடி அளப்பார். இரண்டும் ஒத்தால்தான் நடுவில் செய்த வேலை செல்லும். அவர் 1823-ல் இறந்தார். அவர் தொடங்கிய முக்கோண வரிசையை வடக்கே கொண்டு போனவர்கள்தான் பின்னால் எவரெஸ்டின் உயரத்தையும், மலையில் காலை வைக்காமலே, கணக்கிட்டுச் சொன்னார்கள்.

பாறையின் வயதையும் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த காரை, அரியலூர்ப் பக்கம் போனால் மண்ணில் கடல் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. எந்தச் சங்கு எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார்கள். ஒரு பாறைத் தொகுதிக்குத் 'திரிச்சினாப்பள்ளித் தொகுதி' என்ற பெயரே உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டது. சங்கு வரிசையைத்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆண்டுக் கணக்குக்கு, சில பாறைகளில் உள்ள யுரேனியம் போன்ற பொருள்கள் மாறாத வேகத்தில் சிதைந்துகொண்டே இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். சிதைந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயது சொல்கிறார்கள். இரண்டு வழியும் ஒத்து வரும்போதுதான் மனம் சமாதானம் அடைகிறது.

திருவுளச்சீட்டு

வயலுக்கு இறங்கினால் கதை வேறு. திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் களர் நிலம் அதிகம். களரைத் தாங்கும் நெல்லைத் தேடி அங்கே ஆராய்ச்சி செய்து, திருச்சி 1, திருச்சி 3 என்று ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒரு புது நெல் பழைய நெல்லைவிட நல்லது என்று எப்படித் தீர்மானிப்பது? இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வயலில் போட்டு, அறுத்து, நிறுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. ஒரே வயலில்கூட இந்த மூலை நல்ல மண், அந்த மூலை களர். வாய்மடையில் தண்ணீர் தாராளம், கடைமடையில் குறைவு. புது நெல்லுக்கு நல்ல மூலை கிடைத்திருந்தால் ஜெயித்தது நெல்லா, மண்ணா?

இதற்கு 1920-களில் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற கணித மேதை ஒரு வழி சொன்னார். வயலைச் சிறுசிறு பாத்தியாகப் பிரி. ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் போடு. எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதை நீ தீர்மானிக்காதே, குலுக்கிப் போட்டு எடு. நம் ஊர்க் கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுகிற மாதிரி! ஆராய்ச்சி செய்கிறவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், தம் பிள்ளை போல் வளர்த்த நெல்லுக்கு நல்ல பாத்தியைக் கொடுக்கத்தான் கை போகும். அந்தக் கையைக் கட்டிப்போடத்தான் சீட்டு.

ருசி பார்ப்பதிலும் இதே கதை. சோறு குழைகிறதா, மணக்கிறதா என்று தராசு சொல்லாது. நாக்குதான் சொல்ல வேண்டும். ஆகவே பலரை உட்கார வைத்து, ரகத்தின் பெயரைச் சொல்லாமல், தட்டுக்கு ஓர் எண்ணை மட்டும் ஒட்டிக் கொடுத்து மார்க்குப் போடச் சொல்வார்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். மாமியார் சமையலா, மருமகள் சமையலா என்று தெரிந்த பிறகு ருசி சொல்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா!

விளைந்த நெல்லை நிறுப்பதிலும் ஒரு வில்லங்கம். ஈர நெல் கனக்கும். ஆகவே ஆராய்ச்சியில் எல்லா நெல்லையும் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் கணக்கு மாற்றி ஒப்பிடுகிறார்கள். 22 சதவீத ஈரத்தில் நூறு கிலோ இருந்த நெல், அந்தக் கணக்குக்கு வந்தால் 91 கிலோவைத் தொடாது. அரசு கொள்முதல் நிலையத்தில் விதிப்படி 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள். அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாலை ஓரத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே அவன் தலையெழுத்தை எழுதுவது கையடக்கமான ஒரு சிறு கருவி. அது ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஈரமான நெல்லில் மின்சாரத்தின் போக்கு மாறுகிறது. அதைப் பார்த்து ஈரத்தை ஊகித்து எண்ணாகச் சொல்கிறது. அந்தக் கருவியை ஒழுங்காகச் சரிபார்க்காவிட்டால்? நசுங்கின படியேதான். ஒரு பிடி நெல்லை அடுப்பில் உலர்த்தி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பதுதான் அதற்குச் சாட்சி.

அழுக்கா, ஒளியா?

கடைசியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் இந்தத் தீவிலேயே, திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-ந் தேதி பிறந்தவர். சந்திரசேகர வேங்கடராமன். பின்னால் உலகம் சர் சி. வி. ராமன் என்று அறிந்தது.

கல்கத்தாவில் அவருடைய ஆராய்ச்சிசாலையில் திரவங்களுக்குள் ஒளியைச் செலுத்தி, அது சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1923-ல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன் ஒரு விந்தையைக் கண்டார். ஒரு நிறத்து ஒளியை உள்ளே விட்டால், அதே நிறத்தோடு வேறு நிறத்து ஒளியும் மிக மங்கலாக வெளியே வந்தது. முதலில் எழுந்த சந்தேகம் நியாயமானது: திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அந்த அழுக்குத்தான் ஒளிர்கிறது. அழுக்கைப் போக்கத் திரவத்தை மறுபடி மறுபடி வடித்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அந்த மங்கல் ஒளி போகவில்லை.

போகாவிட்டால் உடனே 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லிவிடலாமா? ராமன் சொல்லவில்லை. அது எவ்வளவு அற்ப ஒளி தெரியுமா? சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய ஒரு பங்கு. அந்த அளவு நுட்பத்தில் எந்தத் தூசியும் மனிதனை ஏமாற்றிவிடும்.

1928-ல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் வேறு வழியில் வந்தார்கள். சூரிய ஒளியை நீல நிறக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் விட்டார்கள். பார்க்கிற பக்கத்தில், அந்த நீலத்தை முழுதும் தடுத்துவிடும் இன்னொரு கண்ணாடியை வைத்தார்கள். இப்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் மெல்லிய ஒளிக் கீற்று ஒன்று தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வந்துகொண்டிருந்தது. அழுக்கு ஒளிர்வதாக இருந்தால் அந்த ஒளியின் அதிர்வு எல்லாத் திசையிலும் சிதறியிருக்கும். இதுவோ ஒரு திசையில் ஒழுங்காக இருந்தது. அதையும் சோதித்தார்கள்.

ஒரு திரவத்தில் அழுக்கு இருக்கலாம், இரண்டில் இருக்கலாம். அவர்கள் ஏறக்குறைய அறுபது வகைத் திரவங்களை ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துச் சுத்தம் செய்து, ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிலவற்றில் அதிகமாக, சிலவற்றில் குறைவாக, ஆனால் அறுபதிலும் அது இருந்தது. பிப்ரவரி 28-ந் தேதி நிறமாலைக் கருவியால் புது நிறத்தைப் பிரித்தும் பார்த்துவிட்டார்கள். அடுத்த நாள் செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. 1930-ல் நோபெல் பரிசு வந்தது.